சாப்பிட்டதும் ஏன் படபடக்கிறது?

இரைப்பை ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய சித்தப்பாவுக்கு, உடம்பு தேறட்டும் என்று சித்தி வெல்லம் போட்ட சத்துமாவுக் கஞ்சியைப் பெரிய டம்ளர் நிறையக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் அவருக்கு நெஞ்சு படபடத்தது, சட்டை நனைய வியர்த்தது. வயிறு முறுக்கிக் கழிப்பறைக்கு ஓடினார். "ரொம்பப் பலவீனமா இருக்கார்" என்று அடுத்த வேளைக் கஞ்சியில் இன்னும் ஒரு துண்டு வெல்லம் கூடியது.

தொல்லையே அந்த வெல்லம்தான். சாப்பிட்டதை அரைத்துக் கூழாக்கி, அடிவாய் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புவது இரைப்பையின் வேலை. அதை வெட்டியெடுத்த பிறகு அந்தக் கட்டுப்பாடு போய்விடுகிறது. இனிப்பு மொத்தமாகக் குடலில் இறங்க, அதைக் கரைக்க ரத்தத்திலிருந்து நீர் குடலுக்குள் பாய்கிறது. அதனால்தான் உப்புசம், பேதி, படபடப்பு, தலைச்சுற்றல். டாக்டர்கள் இதை டம்பிங் சிண்ட்ரோம் என்பார்கள்.

சிலருக்குச் சாப்பிட்டு 1 முதல் 3 மணி நேரம் கழித்துக் கை நடுங்கும், வியர்க்கும், அகோரமாகப் பசிக்கும். சர்க்கரை ரத்தத்தில் திடீரென ஏறுவதால் இன்சுலின் அளவுக்கு மிஞ்சிச் சுரந்து, சர்க்கரையைத் தடாலென இறக்கிவிடுவதே காரணம். அந்த நேரத்தில் கொஞ்சம் சர்க்கரை கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அதோடு நிறுத்தினால் மறுபடி இறங்கும். நடுக்கம் நின்றதும் ஒரு முட்டையோ கொஞ்சம் சுண்டலோ சாப்பிடட்டும்.

மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரியுங்கள். சிறிய இட்லி இரண்டு, கூட ஒரு முட்டை, அது போதும். ஒவ்வொரு வேளையும் முட்டை, மீன், பயறு, பனீர் என்று புரதம் ஏதாவது இருக்கட்டும். நன்றாக மென்று, நிதானமாகச் சாப்பிட வேண்டும். நம் வீடுகளில் கடினமானது, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் இருப்பது. அரை மணி நேரம் முன்னோ பின்னோ குடிக்கலாம். நாட்டுச் சர்க்கரை, தேன், கருப்பட்டி எல்லாம் இந்த விஷயத்தில் சர்க்கரையேதான். பார்க்க வருகிறவர்கள் கொண்டுவரும் ஜூஸும் அப்படியே. சாப்பிட்டதும் அரை மணி நேரம் தலையணையில் சாய்ந்திருந்தால் படபடப்பு குறையும். பெரும்பாலோருக்குச் சில மாதங்களில் இந்தத் தொல்லை தணிந்துவிடுகிறது.

தணியாத ஒன்றும் உண்டு. உணவிலுள்ள பி12 வைட்டமினை உடல் ஏற்க, இரைப்பையில் சுரக்கும் ஒரு பொருள் தேவை. இரைப்பையை முழுதும் எடுத்தவர்கள் ஆயுள் முழுக்க பி12 எடுத்துக்கொள்ள வேண்டும், பெரும்பாலும் ஊசியாகத்தான். கல்லீரலில் பழைய சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். நன்றாகத்தானே இருக்கிறோம் என்று ஊசியை விடுபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. கால் மரத்துப்போகும் அளவுக்கு நரம்பு கெட்டுவிட்டால் முழுதாக மீளும் என்று சொல்ல முடியாது. பாதி எடுத்தவர்களும் பி12, இரும்புச் சத்து அளவுகளை அவ்வப்போது ரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கறுப்பாக மலம் போனாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மயக்கம் போட்டு விழுந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எடை இறங்கிக்கொண்டே போனாலும் டாக்டரிடம் காட்டுங்கள். நீரிழிவு மாத்திரை சாப்பிடுபவர்கள் அதன் அளவை ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டரிடம் மறுபடி கேட்டுக்கொள்ள வேண்டும்.

சித்தப்பா இப்போது கடைக்கு மூன்று சின்ன டிபன் டப்பாக்களோடு போகிறார். ஊசி போடும் தேதியைச் சித்தி காலண்டரில் வட்டமிட்டு வைத்திருக்கிறார்.