உங்களுக்குத் தெரியுமா? தொடுகைக்கு ஒரு வழி, வலிக்கு வேறு வழி!

● இருட்டில் நிலைப்படியில் கால் கட்டைவிரலை இடித்துக்கொள்கிறீர்கள். முதலில் இடித்தது மட்டும் தெரிகிறது. அடுத்து சுரீர். அதற்கும் பிறகு, சாவகாசமாக, எரிச்சலும் கடுப்பும். மூன்றும் மூன்று வகை நரம்பிழைகளில் வருகின்றன. தொடுகையைக் கொண்டுவரும் தடித்த இழைகளில் செய்தி நொடிக்கு 35 முதல் 75 மீட்டர் ஓடும். எரிச்சலைச் சுமக்கும் மெல்லிய இழைகளுக்கு, அந்த வேகத்தைத் தரும் மையலின் உறை கிடையாது. நொடிக்கு 2 மீட்டர் போனாலே பெரிது. 'ஐயோ, வலிக்கப் போகுதே' என்று பல்லைக் கடிக்க நேரம் கிடைப்பது அதனால்தான்.

● இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் ஏன் இதமாக இருக்கிறது? தண்டுவடத்துக்குள் நுழையும் இடத்திலேயே தொடுகைச் செய்தி வலிச் செய்தியை அமுக்கிவிடுகிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இருவர் விளக்கினார்கள். விவரங்கள் பிறகு திருத்தப்பட்டன. அடிப்படைக் கருத்து நிலைத்துவிட்டது. பாட்டிகள் அதற்கு முன்பே தேய்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

● கட்டைவிரலில் கிளம்பும் தொடுகைச் செய்தி, கழுத்துக்கு மேலே உள்ள முகுளம் வரை ஒரே நரம்பணுவின் இழையிலேயே வருகிறது. நடுவில் வண்டி மாறுவதில்லை. ஆறடி ஆளுக்கு அந்த ஒற்றை அணுவின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். ஒட்டகச்சிவிங்கியின் பின்னங்காலை நினைத்துப் பாருங்கள்!

● இந்தப் பகுதியிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதுகின் நடுவில், தண்டுவடத்தின் இடப் பாதி மட்டும் கத்திக்குத்தில் அறுபட்டதாக வைத்துக்கொள்வோம். நோயாளி கண்ணை மூடுகிறார். மருத்துவர் இடக்கால் கட்டைவிரலைப் பிடித்து மேலே தூக்குகிறார், கீழே இறக்குகிறார். எந்தப் பக்கம் என்று நோயாளிக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதே காலில் ஊசியால் குத்தினால் வலிக்கிறது. வலக்காலில் எல்லாம் தலைகீழ்: விரலின் அசைவு தெரிகிறது, ஐஸ் கட்டி வைத்தால் சில்லிப்பு தெரியவில்லை. காரணம், வலியும் சூடும் குளிரும் தண்டுவடத்துக்குள் வந்த சற்று நேரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. நுண்ணிய தொடுகையும் மூட்டுகளின் நிலையுணர்வும் வந்த பக்கமாகவே ஏறி, முகுளத்தில்தான் தாண்டுகின்றன. இந்த நிலைக்கு பிரவுன்-செக்கார் பெயரை வைத்திருக்கிறார்கள். 1817இல் மொரீஷியஸில் பிறந்த அவர், விலங்குகளின் தண்டுவடத்தைப் பாதி அறுத்துப் பார்த்து இதைக் கண்டவர்.

● வலிச் செய்தி இப்படிப் பக்கம் தாண்டுவது தெரிந்த பிறகு அறுவை மருத்துவர்கள் சும்மா இருப்பார்களா? 1912இல் அமெரிக்காவில் ஸ்பில்லர் யோசனை சொல்ல, மார்ட்டின் கத்தி பிடித்தார். தீராத வலிக்குத் தண்டுவடத்தின் வலிப் பாதையையே வெட்டும் சிகிச்சை அது. வலது காலில் வலி என்றால் இடது பக்கம் வெட்ட வேண்டும்.

● தண்டுவடத்தின் நடுவில் குழிபோல விரிவடையும் ஒரு நோய், பக்கம் தாண்டும் இழைகளை மட்டும் முதலில் சிதைக்கிறது. தீப்பெட்டியின் சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். தீக்குச்சி சுடுவது தெரியாது.

● முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுகிறதா? தண்டுவடத்தின் பின்பக்கப் பாதை கெட்டவர்களுக்குக் கால் எங்கே இருக்கிறது என்பதைக் கண்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பி12 வைட்டமின் நெடுங்காலம் குறைந்தாலும் இந்தப் பாதை பழுதாகும். 'பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு டாக்டர்' என்பார்கள். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி எதையுமே தொடாதவர்கள் கவனிக்க.

● மூளைக்குப் போவதெல்லாம் நமக்குத் தெரிவதில்லை. தசைகளின் இழுவை பற்றிய செய்திகள் பெருமளவில் சிறுமூளைக்கு நம்மைக் கேட்காமலே போகின்றன. அதில் ஒரு பாதை பக்கமே மாறாது. இன்னொன்று எதிர்ப்பக்கம் போய், மேலே சிறுமூளையில் மறுபடி பழைய பக்கத்துக்கே திரும்பிவிடும். எதற்கு இந்த வீண் அலைச்சலோ! பூனைகளை வைத்து ஆராய்ந்தபோது முதல் பாதை கால் என்ன செய்தது என்று சொல்வதும், இரண்டாவது பாதை காலுக்குத் தண்டுவடம் என்ன உத்தரவு போட்டது என்று சொல்வதும் புலப்பட்டது.

● முன்னங்கால்களால் துழாவி இரை தேடும் ரக்கூனுக்கு, முகுளத்தில் அந்தப் பாதங்களுக்கான இடம் மிகப் பெரியது. வாலால் கிளையைப் பற்றித் தொங்கும் சிலந்திக் குரங்குக்கு வாலுக்கென்றே தாராளமான இடம் உண்டு.

● பெரியவர்களின் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்தான், முதல் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடும். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி அதற்கும் கீழே இறங்குவதால் தண்டுவடத்தில் குத்துவதில்லை. மருந்து ஏறியதா என்று பார்க்க வயிற்றில் குளிர்ந்த பஞ்சை வைத்துக் கேட்பார்கள். குளிர்ச்சி முதலில் போய்விடும். தொடுகை அவ்வளவு சீக்கிரம் போகாது. குழந்தையை வெளியே எடுக்கும்போது, 'இழுக்கிறது தெரியுது, வலி மட்டும் இல்ல' என்று தாய் சொன்னால் அவர் சரியாகத்தான் சொல்கிறார்.