சாலையும் ஆறும் ஒரே வண்டியில்

நிலத்தில் பேருந்தாகவும் நீரில் படகாகவும் ஓடும் வண்டியில் ஏறி ஓர் ஆற்றங்கரை நகரைச் சுற்றிப் பார்ப்பது, இன்று உலகின் பல ஊர்களில் வழக்கமான சுற்றுலா. கடைத்தெருவையும் பழைய கட்டடங்களையும் சாலை வழியே காட்டிக்கொண்டு வரும் வண்டி, கரையோரச் சரிவுப்பாதை ஒன்றில் திரும்பி நேராக ஆற்றில் இறங்கும். இருபுறமும் தண்ணீர் தெறிக்கும். சக்கரங்கள் தரையை விடும். அதன்பின் பயணிகள் அதே இருக்கையில் அமர்ந்தபடி, சற்று முன் கடந்து வந்த ஊரை ஆற்றிலிருந்து பார்ப்பார்கள். ஆற்றை நம்பி எழுந்த ஊர்களின் கோட்டைகளும் கோயில்களும் சந்தைகளும் ஆற்றைப் பார்த்தே கட்டப்பட்டவை. பாதி ஊர் தண்ணீரிலிருந்து பார்த்தால்தான் விளங்கும். இந்தச் சுற்றுலாவின் உண்மையான மதிப்பு அங்கேதான் இருக்கிறது.

இந்தச் சுற்றுலாவுக்கு முதலில் பயன்பட்ட வண்டி இரண்டாம் உலகப் போரில் உருவானது. துறைமுகம் இல்லாத கடற்கரையில், தூரத்தில் நங்கூரமிட்ட கப்பலிலிருந்து சரக்கைக் கரைக்கும், கரையிலிருந்து உள்நாட்டுக்கும் கைமாற்றாமல் கொண்டு போக அமெரிக்க ராணுவத்துக்கு ஒரு வழி தேவைப்பட்டது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ஆறு சக்கர ராணுவ லாரியை எடுத்து, அதைச் சுற்றி நீர் புகாத படகுடல் ஒன்றை 1942இல் பொருத்தினார்கள். பந்தயப் படகுகளை வடிவமைத்துப் பெயர் பெற்ற ராட் ஸ்டீவன்ஸ் அந்த உடலுக்கு வடிவம் கொடுத்தவர்களில் ஒருவர். ராணுவத் தலைமை முதலில் ஆர்வம் காட்டவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பிராவின்ஸ்டவுன் அருகே கடலோரக் காவல் படகு ஒன்று புயலில் தரைதட்டியது. மற்றப் படகுகள் நெருங்க முடியாத அலையில், சோதனைக்காக அங்கிருந்த இந்த வண்டி போய் ஏழு மாலுமிகளை மீட்டு வந்தது. அதற்குப் பிறகு எதிர்ப்பு அடங்கிவிட்டது. 'டக்' என்று வீரர்கள் அழைத்த இந்த வண்டி 21,000க்கு மேல் கட்டப்பட்டு, 1943இல் சிசிலியிலும் 1944இல் நார்மண்டியிலும் கரையேறியது.

உள்ளமைப்பு வெளியே தோன்றும் அளவுக்குச் சிக்கலானதல்ல. எஞ்சின் ஒன்றுதான். சாலையில் அதன் விசை சக்கரங்களுக்குப் போகும். தண்ணீரில் இறங்கியதும் ஓட்டுநர் நெம்புகோலை மாற்றினால் அதே விசை பின்புற உந்துவிசிறிக்குப் போகும். நீரில் வண்டியைத் திருப்புவது சுக்கான். கரையேறும்போது விசிறியும் சக்கரமும் சேர்ந்து உழைக்கும்: விசிறி பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருக்க, முன்சக்கரங்கள் சரிவைத் தொட்டவுடன் பற்றி ஏறும். சக்கரத்துக்கும் விசிறிக்கும் போகும் தண்டுகள் படகுடலைத் துளைத்து வெளியே வரும் இடங்கள்தான் இதன் பலவீனம். அங்கே ரப்பர் அடைப்புகள் இருக்கும். மீறிக் கசியும் நீரை வெளியேற்ற பம்புகள் ஓடும். டக் வண்டி சாலையில் மணிக்கு 80 கிலோமீட்டர் வரையும், நீரில் சுமார் 10 கிலோமீட்டரும் போகும். சக்கரம் தரையில் இடிக்காமல் மிதக்க நாலடிக்கு மேல் ஆழம் வேண்டும். அதன் வேகத்தை மீறாத நீரோட்டமும் வேண்டும். இந்த இரண்டு கணக்கும் கீழே தமிழகத்தின் பாலாற்றுக்கு வரும்போது தேவைப்படும்.

போர் முடிந்ததும் மிஞ்சிய வண்டிகள் மலிவாகக் கிடைத்தன. அமெரிக்காவின் விஸ்கான்சின் டெல்ஸ் என்ற ஆற்றோர ஊரில் 1946இல் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு முதல் டக் ஓடியது. பாஸ்டனில் 1994இல் தொடங்கிய ஓட்டம் பெரும் வெற்றி பெற்றது. ரோட்டர்டாம், புடாபெஸ்ட், ஹாம்பர்க் போன்ற ஐரோப்பிய நகரங்கள் பழைய ராணுவ வண்டிக்குப் பதிலாக, இதற்கென்றே கட்டிய பேருந்துகளை ஆற்றில் இறக்கின.

இந்தத் தொழிலுக்குக் கறுப்புப் பக்கங்களும் உண்டு. 1999 மே 1 அன்று ஆர்கன்சாவின் ஹாமில்டன் ஏரியில் ஒரு டக் மூழ்கி 13 பேர் இறந்தனர். தண்டைச் சுற்றியிருந்த ரப்பர் அடைப்பு கழன்றதில் நீர் புகுந்தது. பயணிகள் வெளியேற முடியாமல் தலைக்கு மேலிருந்த கூரையில் சிக்கிக்கொண்டார்கள். கூரைகளை நீக்க வேண்டும், நீர் புகுந்தாலும் மூழ்காத மிதவைத்திறன் வேண்டும் என்று விசாரணையில் பரிந்துரைக்கப்பட்டது. அது பெருமளவு செயலுக்கு வரவில்லை. 2018 ஜூலையில் மிசௌரியின் டேபிள் ராக் ஏரியில் புயல் எச்சரிக்கை இருந்தும் இறங்கிய வண்டி மூழ்கியது. அதில் இருந்த 31 பேரில் 17 பேர் இறந்தனர். வெயிலுக்கும் மழைக்கும் கூரை தேவை என்ற எண்ணம் நம் ஊரில் வலுவானது. இங்கே என்றாவது இப்படி ஒரு வண்டி வருமானால், முதலில் படிக்க வேண்டியது இந்த இரண்டு விபத்துகளின் விசாரணை அறிக்கைகளைத்தான்.

தமிழருக்கு நன்கு தெரிந்த ஆற்றங்கரை நகரமான சிங்கப்பூரில் இந்தச் சுற்றுலா 2002இல் தொடங்கியது. அங்கே ஓடியவை 'லார்க்' எனப்படும், அலுமினிய உடலும் நான்கு பெரிய சக்கரங்களும் கொண்ட வியட்நாம் போர்க்கால வண்டிகள். சன்டெக் சிட்டியில் ஏறுபவர்கள் சாலையோரக் கட்டடங்களைப் பார்த்தபின் நீரில் இறங்கி, மரினா வளைகுடாவில் மெர்லயன் சிலையையும் எஸ்பிளனேட் அரங்கையும் தண்ணீர்ப் பக்கமிருந்து காண்பார்கள். அந்த வளைகுடாவில் கலக்கும் சிங்கப்பூர் ஆற்றில் தமிழர் உழைப்பு ஆழமாகப் படிந்திருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கப்பலுக்கும் கிடங்குக்கும் இடையே சரக்குப் படகு செலுத்தியவர்களில் சோழமண்டலக் கரையிலிருந்து போன சூலியா முஸ்லிம்கள் முக்கியமானவர்கள்; ஆற்றை ஒட்டிய சூலியா தெரு இன்றும் அவர்கள் பெயரைத் தாங்கி நிற்கிறது.

ஆனால் அந்த ஆறு 1970களில் உல்லாசப் பயணிகளை அழைத்துப் போகும் நிலையில் இல்லை. ஆற்றிலும் கல்லாங் படுகையிலும் பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளின் கழிவும், கழிப்பறை வசதியற்ற குடியிருப்புகளின் சாக்கடையும், படகுப் பட்டறைகளின் எண்ணெயும் கலந்தன. பத்தாண்டுகளுக்குள் ஆற்றில் மீன் பிடிக்க முடிய வேண்டும் என்று 1977இல் பிரதமர் லீ குவான் இயூ இலக்கு வைத்தார். பண்ணைகள் அகற்றப்பட்டன; குடிசைகளில் இருந்தவர்களுக்கு அடுக்குமாடி வீடு கிடைத்தது; தெருவோர உணவுக் கடைகள் கழிவுநீர் இணைப்புள்ள அங்காடிகளுக்குள் போயின; சரக்குப் படகுகள் 1983இல் பாசிர் பாஞ்சாங் பகுதிக்கு மாற்றப்பட்டன. 1987இல் பணி முடிந்தது. 2008இல் கடல்வாயில் மரினா அணை எழுந்து, வளைகுடா குடிநீர்த் தேக்கமாயிற்று. சுத்தம் செய்து முடித்துப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தத் தண்ணீரில் சுற்றுலா வண்டி இறங்கியது. இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும்.

லண்டனில் வேறொரு வகையில் ஆறு முந்திக்கொண்டது. தேம்ஸ் நதியில் சாக்கடை கலப்பதைத் தடுக்கும் சுரங்கக் கால்வாய்ப் பணிக்கு, டக் வண்டிகள் இறங்கும் சரிவுப்பாதை தேவைப்பட்டது. 2017இல் அங்கே ஓட்டம் முடிவுக்கு வந்தது.

இந்தியாவில் பேசப்பட்ட முயற்சி பஞ்சாபில் நடந்தது. பியாஸும் சட்லெஜும் கூடும் ஹரிகே சதுப்புநிலத்தில் 2016 டிசம்பரில், அப்போதைய துணை முதல்வர் சுக்பீர் சிங் பாதல் தண்ணீர்ப் பேருந்தைத் தொடங்கிவைத்தார். சில நாட்களிலேயே ஓட்டம் தடைப்பட்டது. 2017இல் ஆட்சி மாறியபின் திட்டம் கைவிடப்பட்டது. தேர்தல் நேரத்து விளம்பரம் என்ற விமர்சனமே அதைப் பற்றி அதிகம் எழுந்தது. அந்த நீரின் நிலை அதைவிட முக்கியமானது. பியாஸ் தெளிவாக வந்து சேரும் அந்த இடத்தில் சட்லெஜ் கறுத்து வந்து சேர்கிறது. லூதியானாவின் ஆலைக் கழிவோடு ஜலந்தர் தோல் தொழிற்பேட்டையின் கழிவும் வடிகால்கள் வழியாக அதில் கலக்கிறது.

தோல் கழிவு என்றதும் வேலூர், ஆம்பூர் பக்கத்தவர்களுக்குப் பாலாறு நினைவுக்கு வரும். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, புல்லூர் வழியாகத் தமிழகத்தில் நுழையும் இந்த ஆற்றின் மொத்த நீளம் 348 கிலோமீட்டர். அதில் 222 கிலோமீட்டர் தமிழகத்தில் ஓடி, வயலூர் அருகே கடலில் சேர்கிறது. ஆற்றைப் பார்த்து எழுந்த ஊர்கள் இங்கே வரிசையாக நிற்கின்றன: வாணியம்பாடி, ஆம்பூர், கரையிலேயே அரங்கநாதர் பள்ளிகொண்டிருக்கும் பள்ளிகொண்டா, வேலூர், மேல்விஷாரம், ஆற்றோரத்தில் டெல்லி கேட் நிற்கும் ஆற்காடு, எதிர்க்கரையில் ராணிப்பேட்டை. தண்ணீர் மட்டும் இருந்தால் தென்னிந்தியாவிலேயே இதைவிட நல்ல ஆற்றுச் சுற்றுலா வழி கிடைப்பது கடினம்.

தண்ணீர்தான் இல்லை. காட்பாடியில் ரயிலிறங்கி வேலூருக்குள் வருபவர்கள் பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, ஆண்டின் பெரும்பகுதியில் கீழே மணலையும் முள்செடியையும்தான் காண்கிறார்கள். மேல்மாநிலங்களின் ஏரிகளும் தடுப்பணைகளும் நீரை நிறுத்திக்கொள்கின்றன. புல்லூர்த் தடுப்பணையை 2016இல் ஆந்திரம் உயர்த்தியது வழக்காகவே ஆயிற்று. பாலாறு எப்போதும் மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. ஊற்று தோண்டிப் பாசனம் செய்த ஊர்கள் அதை நம்பியே வாழ்ந்தன. மணல் அள்ளப்பட்டதில் அந்த அடியோட்டமும் மெலிந்தது. வெள்ளம் வரும்போதோ நிலைமை தலைகீழ். 1903 நவம்பரில் வந்த வெள்ளம் வாணியம்பாடியைச் சூறையாடியது. 2021 நவம்பரில் பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் நீர் பாய்ந்தது. மணிக்குப் பத்து கிலோமீட்டர் நீந்தும் வண்டி அந்த ஓட்டத்தில் நிற்காது. மற்ற மாதங்களில் நாலடி ஆழம் கிடைக்காது.

வேலூரில் ஆண்டு முழுதும் நீர் நிற்கும் பெரிய இடம் கோட்டை அகழி. 16ஆம் நூற்றாண்டில் விஜயநகரத்தின் கீழ் சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த இந்தக் கோட்டையையும், உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயிலையும், 1806 ஜூலை 10 சிப்பாய் எழுச்சி நடந்த இடங்களையும் சுற்றி அகழி ஓடுகிறது. கருங்கல் மதிலின் முழு உயரமும் நீர்மட்டத்திலிருந்து பார்க்கும்போதுதான் புலப்படும். ஆனாலும் கனமான வண்டி இறங்க அங்கே சரிவுப்பாதை அமைப்பது கல்கட்டுமானத்தைக் குலைக்கும். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடத்தில் அது நடக்கவும் கூடாது.

பாலாற்றுக்கு நீர் திரும்பினாலும் அதன் தரம் என்ன என்பது அடுத்த கேள்வி. இந்தப் பகுதியின் தோல் தொழில் பழையது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட காலத்திலிருந்து, குரோமிய உப்பில் பதனிடும் முறைக்கு மாறியபின் கழிவின் குணமே மாறியது. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கும் உப்பு முதல் ஊறவைப்பிலேயே நீரோடு வெளியேறும். பிறகு சுண்ணாம்பு, சல்பைடு, குரோமியம். ஒரு கிலோ தோல் பதனிட்டு முடிய சுமார் 35 லிட்டர் நீர் செலவாகிறது என்று உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பே பதிவு செய்கிறது. ஆம்பூரில் பெண்கள் கூட்டம் கூட்டமாக வேலைக்குப் போகும் ஷூ கம்பெனிகளையும் தோல் பதனிடும் டேனரிகளையும் ஒன்றாகப் பார்ப்பது தவறு. செருப்புத் தைப்பதில் ஆறு கெடுவதில்லை, தோல் நனைப்பதில்தான் கெடுகிறது. அந்த வேலைகளைக் காப்பாற்றவும் நனைக்கும் இடத்தைச் சரிசெய்தாக வேண்டும்.

இந்தக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு அந்தத் தீர்ப்பை அளித்தது. தோல் ஆலைப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்குத் தகுதி இழந்திருப்பதாக அதில் குறிப்பு உண்டு. கெடுத்தவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேரூன்ற உதவியது இந்தத் தீர்ப்பு. ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ராணிப்பேட்டை, மேல்விஷாரம், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதிகளில் இயங்குகின்றன. துளி கழிவும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது.

சிங்கப்பூர் பத்தாண்டில் ஆற்றை மீட்டது. இங்கே முதல் தீர்ப்பு வந்து 28 ஆண்டுகளுக்கு மேலான பின்னும் வழக்கு தொடர்ந்தது. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீட்டை வழங்கி அதைக் கெடுத்த ஆலைகளிடம் வசூலிக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் அரசுச் செயலர்கள், சூழல் வல்லுநர்கள், பாதிக்கப்பட்ட ஊர்மக்களின் பிரதிநிதிகள் அடங்கிய குழு அமைத்துப் பாலாற்றுப் பகுதியின் சீரமைப்பைக் கண்காணிக்கவும் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது.