திரும்பி வருபவர் எத்தனை பேர்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் இலண்டன் வைத்தியசாலையொன்றில் மொழிபெயர்ப்பாளராகக் கடமையாற்றும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. விரிவுரை மண்டபத்தில் பேசிப் பழகிய நா, பிழைப்புக்காகப் பிறரது நோயைப் பெயர்த்துச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. ஒரு நாள் எச்.ஐ.வி. கிளினிக்கிலிருந்து அழைப்பு வந்தது. உள்ளே அமர்ந்திருந்த இளைஞர் எம்மை ஏறிட்டுப் பார்த்தார். “ஐயா எந்த ஊர்?” என்றார். சொன்னோம். தமது பெரியம்மா எமது ஊரில்தான் வாழ்க்கைப்பட்டிருக்கிறார் என்று மெல்லிய குரலில் கூறினார். அதன் பின்னர் தாதி கேட்ட எந்தக் கேள்விக்கும் ஒரு சொல்லுக்கு மேல் அவர் விடையளிக்கவில்லை. அடுத்த தவணைக்கும் எம்மையே அழைத்திருந்தனர். ஒரு மணி நேரம் காத்திருந்தோம். அவர் வரவில்லை.

எச்.ஐ.வி. பற்றி எழுதுவோர் பெரும்பாலும் பரிசோதனையைப் பற்றியே எழுதுகின்றனர். விரல் நுனியில் ஒரு துளி இரத்தம், அரை மணி நேரத்துக்குள் முடிவு. ஆயின் இந்நோய்க்கான சிகிச்சை ஆயுள் முழுவதும் நீடிப்பது. மருந்தை நிறுத்தினால் அடங்கியிருந்த கிருமி சில வாரங்களிலேயே மீண்டும் பெருகும். விட்டு விட்டு உட்கொண்டால் மருந்துக்கு அடங்காத தன்மையைப் பெறவும் கூடும். ஆகவே ஒரு கிளினிக் எத்தனை பேரைப் பரிசோதித்தது என்பதைக் காட்டிலும், அவர்களுள் எத்தனை பேர் ஐந்தாண்டுகளின் பின்னரும் அதன் படியேறுகின்றனர் என்பதே கேட்கப்பட வேண்டிய வினா.

இவ்வினாவுக்கு விடை தேடியவர்கள் செல்வந்த நாட்டினர் அல்லர். தென்னாபிரிக்காவின் கேப்ரவுண் நகருக்கு வெளியே, தகரக் கொட்டில்கள் நெருங்கிய கயெலிச்சா என்ற குடியிருப்பு உள்ளது. பருத்தித்துறை வைத்தியசாலையில் பணியாற்றியமையால் எம்மவர் பலர் அறிந்த ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பினர், 2001 ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கு மருந்து வழங்கத் தொடங்கினர். எச்.ஐ.வி. கிருமியே எயிட்ஸ் நோயை உண்டாக்குகிறதா என்று அந்நாட்டின் ஜனாதிபதி தாபோ உம்பெக்கியே ஐயுற்றுக்கொண்டிருந்த வேளை அது. ஆண்டொன்றுக்கு 10,000 டொலருக்கும் மேல் விற்ற மருந்துகளை 350 டொலருக்குத் தர இந்தியாவின் சிப்லா நிறுவனம் முன்வந்ததும் அதே ஆண்டில்தான்.

மருந்து கிடைத்ததும் மக்கள் பிழைத்தனர். பிழைத்தவர் தொகை பெருகவே கிளினிக்கின் வரிசை நீண்டது. உடல் தேறிய தொழிலாளி ஒருவர் மாத்திரைகளைப் பெறுவதற்காக ஒரு நாட்கூலியை இழந்து காத்திருக்க நேர்ந்தது. எத்தனை முறை இழப்பார்? படிப்படியாக வராமல் விட்டனர். அவர்களை அசட்டைக்காரர் என்று ஏசுவது எளிது. ஆனால் 2007 இல் அங்கிருந்தோர் பிழையை நோயாளரிடம் தேடவில்லை, வரிசையிடம் தேடினர். நெடுங்காலம் ஒழுங்காக மருந்துண்டு, கிருமி அடங்கியிருந்தவர்களை முப்பது பேர் வரையிலான குழுக்களாகச் சேர்த்தனர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கூடல். வைத்தியரும் இல்லை, நீண்ட காத்திருப்பும் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண ஊழியர் ஒருவர் நிறை பார்ப்பார். இருமல், காய்ச்சல் உண்டா என்று வினவுவார். முன்கூட்டியே பெயரிட்டுக் கட்டிவைத்த மருந்துப் பொதியைக் கையளிப்பார். இரத்தப் பரிசோதனை ஆண்டுக்கொரு முறை. எவருக்கேனும் உடல்நலம் குன்றினால் உடனே தாதியிடம் அனுப்பப்படுவார்.

இம்முயற்சியின் முதல் சில ஆண்டுகளின் கணக்கு 2013 இல் வெளியாயிற்று. குழுவில் சேர்ந்தோருள் 97 விழுக்காட்டினர் சிகிச்சையில் நீடித்தனர். சேரும் தகுதியிருந்தும் வழமையான கிளினிக்கிலேயே தங்கியோருள் நீடித்தோர் 85 விழுக்காட்டினர். குழுவில் சேர்ந்தோர் முன்னரே ஒழுங்குடையோர் அல்லவா என்று கேட்கலாம். நியாயமான ஐயமே. எனினும் மற்றவர்களும் அதே தகுதியுடையோரே என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

தொடர்ந்து வருபவருக்குக் கிடைக்கும் பயனும் இன்று பெரிது. மருந்தினால் கிருமி கண்டறிய முடியாத அளவுக்கு அடங்கி, அந்நிலையிலேயே நீடிப்பவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பிறருக்குத் தொற்றுவதில்லை. இம்முடிவுக்கு வழிகோலி 2011 இல் வெளியான பன்னாட்டு ஆய்வின் நிலையங்களுள் ஒன்று சென்னையில் இருந்தது. 1986 இல் இந்தியாவில் இக்கிருமியை முதன்முதல் கண்டறிந்த வைத்தியர் சுனிதி சொலமன் நிறுவிய நிலையம் அது. முறையான சிகிச்சை பெறும் தாயின் குழந்தைக்கு நோய் தொற்றுவதும் நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. திருமணப் பேச்சு எழும்போதெல்லாம் உள்ளுக்குள் நடுங்கும் எம் இளையோர் இவ்விரு செய்திகளையும் அறிந்துள்ளனரா?

இங்கிலாந்தில் எச்.ஐ.வி. சிகிச்சை 2012 ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாம் திகதியிலிருந்து, விசா உள்ளவர் இல்லாதவர் என்ற பேதமின்றி, அனைவருக்கும் இலவசம். பாலியல் நல கிளினிக்குக்குச் செல்வதற்குக் குடும்ப வைத்தியரின் கடிதம் வேண்டியதில்லை. நோய் இருப்பதைக் காரணம் காட்டி அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்படுவதுமில்லை. அப்படியிருந்தும் எம்மவர் தயங்குகின்றனர். அவர்கள் அஞ்சுவது உள்நாட்டமைச்சை மட்டுமன்று. கோவில் திருவிழாவிலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி வாசலிலும் எதிர்ப்படும் முகங்களை அதனினும் அதிகமாக அஞ்சுகின்றனர். நூறு குடும்பங்கள் ஒருவரையொருவர் அறிந்த சமூகத்தில் மொழிபெயர்ப்பாளர் வெறும் குரல் அல்லர். அவரும் ஓர் ஊர்க்காரர். அவர் இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பது எமக்குத் தெரியும். அந்த இளைஞருக்கு எப்படித் தெரியும்?

கயெலிச்சாவில் தடையாக நின்றது வரிசை. இங்கே தடையாக நின்றவர் நாமே. தொலைபேசி வழியாக, தன் பெயரும் ஊரும் சொல்லாமல் மொழிபெயர்க்கும் வசதி உண்டு. நோயாளர் தம் பெயரைக் கூறாமலே அதனூடாகப் பேசலாம். நேரில் வரும் மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று மறுக்கவும் அவருக்கு உரிமையுண்டு. பலருக்கு இது தெரியாது. கேட்டால்தான் கிடைக்கும் என்றால், கேட்க மொழியில்லாதவர் எப்படிக் கேட்பார்? தவணைக் கடிதம் அனுப்பும்போதே தமிழில் ஒரு வரியாக இதைச் சேர்த்துவிடலாம்.

அன்று மாலை அவ்வாறே மேற்பார்வையாளரிடம் கூறி, அந்தக் கிளினிக்கின் பட்டியலிலிருந்து எமது பெயரை நீக்குமாறு கேட்டுக்கொண்டோம். அவர் குறித்துக்கொண்டார். அடுத்த வாரம் அதே கிளினிக்கிலிருந்து, வேறொருவருக்காக, மீண்டும் எம்மை அழைத்தனர்.