எந்த விலக்கு?

திருவள்ளூர்ச் சாலையும் வெளிவட்டச் சாலையும் கூடும் நெமிலிச்சேரியில், திருநெல்வேலி நண்பரொருவர் “இந்த விலக்கில் இறக்கிவிடும்” என்றார். வண்டியோட்டிக்கு விளங்கவில்லை. கிளைவழி பிரியுமிடத்தைத் தென் ஜில்லாக்களில் விலக்கென்பார்கள். அச்சொல் நம்மைச் சிந்தனையில் ஆழ்த்தியது.

நம் முன்னோர் தர்மத்தை விதி, விலக்கு என இரண்டாகப் பகுத்தனர். செய்யென்பது விதி, செய்யற்க என்பது விலக்கு. ஆனால் வரிவிலக்கு என்பதோ வரி கொடாதிருக்க அனுமதி. ஆகவே, தடுப்பதும் விலக்கு. தடையினின்று விடுவிப்பதும் விலக்கு. நேர்வழியினின்று பிரிவதும் விலக்கு.

1937 அக்டோபர் 1-ந் தேதி ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கியபோது, அச்சொல்லுக்குத் தடை என்பதே பொருள். 1948-ல் அது ராஜதானி முழுவதும் பரவியது. 1971-ல் நிறுத்திவைக்கப்பட்டு, 1974-ல் மீண்டு, 1981-ல் மறுபடி தளர்ந்தது. 1983-ல் சர்க்காரே வாணிபக் கழகம் அமைத்தது. 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. எனினும் 1937-ம் வருஷத்துச் சட்டம் ரத்தாகவில்லை. விற்பனை லைசென்சுகள் அச்சட்டத்தின் பேராலேயே வழங்கப்படுகின்றன. இலாகாவின் பெயரும் ‘மதுவிலக்கு, ஆயத்தீர்வை’ என்பதே! 2023-24-ல் மதுவினால் சர்க்காருக்குக் கிடைத்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல்.

நெடுஞ்சாலைகளின் ஓரத்தில் மதுக்கடைகள் கூடாதென்று 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் சர்க்கார் நின்றது கடைகளின் பக்கமேயன்றி விலக்கின் பக்கமன்று.

கடைகளை மூடினால் கள்ளச்சாராயம் பெருகும் என்பர். அந்த அச்சத்தை நாம் அலட்சியம் செய்யவில்லை. ஆயினும் கடைகள் திறந்திருக்கையிலேயே, 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டோர் விஷச்சாராயத்தால் மாண்டனர் என்பதையும் மறத்தலாகாது.

பூரண மதுவிலக்கு இன்றே சாத்தியமா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். ஆனால் விற்பவன் தன்னைத் தடுப்பவனென்று சொல்லிக்கொள்வதில் அபிப்பிராய பேதத்திற்கு இடமேது? அரசியல் சாசனத்தின் 47-வது ஷரத்து மதுவிலக்குக்கு முயலுமாறு ராஜ்யத்துக்குக் கூறுகிறது. முயலட்டும், அன்றேல் இலாகாவின் பெயரையாவது மாற்றட்டும். தேர்தல் மேடையில் ‘மதுவிலக்கு’ என முழங்குவோரை, “ஐயா, எந்த விலக்கு?” என்று தேசபக்தர்கள் எழுந்து கேட்பார்களாக.