லோடு வண்டியும் உத்தரவாதப் பத்திரமும்

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்குமென வெளிவரும் இத்திங்களிதழில் மீனவர் குப்பத்து லோடு வண்டியைப் பற்றி எழுதுவானேன் என்று அன்பர்கள் சிலர் வினவலாம். நூல் சிப்பத்தையும் காய்கறி மூட்டையையும் மீன் பெட்டியையும் சுமப்பது ஒரே வகை வண்டிதான். அது நடுவழியில் நின்றுவிட்டால் வரும் துன்பமும் ஒரே வகையானதே. ஆனால் சேலை ஒரு நாள் தாமதித்தால் கெட்டுப்போவதில்லை. தக்காளியும் இரண்டொரு நாள் தாங்கும். மீனோ ஐஸ் உருகினால் அன்றைக்கே வீண். ஆகவே வண்டிப் பழுதின் முழுக் கடுமையையும் அறிய விரும்புவோர் நொச்சிக்குப்பம் போன்ற ஊர்களையே நோக்க வேண்டும்.

குப்பமும் வண்டியும்

சென்னைக் கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, பட்டினப்பாக்கம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்தது நொச்சிக்குப்பம். சாலையோரம் நடைபெற்ற மீன் வியாபாரத்துக்கென மாநகராட்சி கட்டிய நவீன மீன் அங்காடி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதில் 366 கடைகள் அமைந்துள்ளன. சொந்தப் படகில் வரும் மீன் போதாதபோது விற்பனையாளர்கள் விடியுமுன் காசிமேடு துறைமுகத்துக்குச் சென்று ஏலத்தில் மீன் எடுத்து வருகின்றனர். அதற்கு லோடு வண்டி இன்றியமையாதது.

மக்கள் ‘குட்டி யானை’ என்று செல்லமாக அழைக்கும் டாடா ஏஸ் 2005-ஆம் ஆண்டில் வந்தது. ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-இல் வந்தது. இவை போன்ற சிறு வண்டிகளைத் தவணைக் கடனில் வாங்கித் தாமே ஓட்டிப் பிழைக்கும் குடும்பங்கள் தமிழகமெங்கும் உள்ளன. வண்டி ஓடினாலும் நின்றாலும் தவணை நாள் நிற்பதில்லை. இந்நிலையில் வண்டியின் இன்ஜெக்டர் பழுதானால் யார் செலவில் அதைச் சரிசெய்வது என்பது அக்குடும்பத்துக்கு அடுப்பெரியும் பிரச்சினையாகிவிடுகிறது.

இன்ஜெக்டர் என்பது யாது?

டீசலை நுண்துளிகளாக்கி எஞ்சினுக்குள் தெளிக்கும் கருவியே இன்ஜெக்டர். முதலில் வந்த டாடா ஏஸ் 702 சி.சி. அளவுள்ள இரட்டை சிலிண்டர் எஞ்சின் கொண்டது. அதில் பம்பும் நாசிலும் எளிய அமைப்பைச் சேர்ந்தவை. படகு எஞ்சினின் நாசிலைக் கழற்றித் துடைத்து மாட்டப் பழகிய குப்பத்து மெக்கானிக், அவ்வண்டியையும் ஒருவாறு சமாளித்து வந்தார்.

இப்போதைய டீசல் வண்டிகளில் உள்ள ‘காமன் ரெயில்’ அமைப்பு அத்தகையதன்று. அதில் டீசல் ஒரு பொதுக் குழாயில் 1,600 பார், அதற்கு மேலும்கூட, அழுத்தத்துடன் தேக்கப்படுகிறது. பெரிய லாரியின் டயரில் அடைக்கும் காற்று ஏறத்தாழ 8 பார் அளவே எனின், இது அதைப் போல் 200 மடங்கு என்பது விளங்கும். டீசல் வெளிப்படும் துளையின் குறுக்களவு மில்லிமீட்டரில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. 80-ஆம் நம்பர் பருத்தி நூலிழையின் கனம் எவ்வளவோ அவ்வளவு என்றால் நெசவாள அன்பர்களுக்கு எளிதில் புலப்படும். எஞ்சினின் கணினி இடும் கட்டளைப்படி அத்துளைகள் கணத்தில் திறந்து கணத்தில் மூடுகின்றன. இத்தகைய கருவிக்குள் ஒரு துளி நீரோ, கண்ணுக்குத் தெரியாத துகளோ புகுந்தாலும் கேடு விளையும். எனவே இதைக் குப்பத்தில் கழற்றிப் பார்ப்பது தகாது.

பழுதின் அறிகுறிகளை ஓட்டுபவரே முதலில் உணர்வார். காலையில் எஞ்சின் கிளம்பத் தாமதித்தல், கரும்புகை, உலோகம் தட்டுவது போன்ற ஓசை, ஏற்றத்தில் இழுவை குறைதல், டீசல் செலவு கூடுதல் ஆகியவை அவை. எஞ்சின் ஆயிலின் மட்டம் குறைவதற்கு மாறாக ஏறியிருந்தால் அதில் டீசல் கலந்திருக்கக்கூடும். அந்நிலையில் வண்டியை ஓட்டலாகாது.

கடற்கரை வண்டிகளுக்கென ஒரு விசேஷத் தொல்லையும் உண்டு. மீன் பெட்டியிலிருந்து வடியும் உப்புநீரும் உப்புக் காற்றும் ஒயர் இணைப்புகளை அரித்துவிடுகின்றன. அப்போது இன்ஜெக்டர் குற்றமற்றதாயினும் பழுதானது போலவே நடந்துகொள்ளும். ஆதலால் ஒயர் இணைப்புகளை முதலில் சோதித்தல் நலம். பிறகு ஒவ்வொரு இன்ஜெக்டரிலிருந்தும் திரும்பிவரும் டீசலைத் தனித்தனி அளவுக் குழாய்களில் பிடித்து ஒப்பிடும் சோதனை ஒன்று உண்டு. எதில் மிகுதியாகத் திரும்புகிறதோ அதுவே தேய்ந்ததென்று கொள்ளப்படும்.

உத்தரவாதம் எதுவரை?

வாரன்டி என்று வழங்கும் உத்தரவாதம், ‘இத்தனை ஆண்டு அல்லது இத்தனை கிலோமீட்டர், எது முந்துகிறதோ அதுவரை’ என்ற முறையில் அமைவது வழக்கம். இதில் பலர் ஆண்டை மட்டுமே நினைவில் கொள்கின்றனர். எடுத்துக்காட்டாக 3 ஆண்டு அல்லது 1 லட்சம் கிலோமீட்டர் என்று பத்திரம் சொல்வதாகக் கொள்வோம். நாளொன்றுக்கு 150 கிலோமீட்டர் வீதம் ஆண்டில் 300 நாள் ஓடும் வண்டி, ஆண்டுக்கு 45,000 கிலோமீட்டர் ஓடிவிடும். அதன் உத்தரவாதம் 2 ஆண்டும் 3 மாதமும் நிறையுமுன்பே முடிந்துவிடும்! ஆகவே சிறு அறிகுறி தோன்றியவுடன் வண்டியைக் காட்டி, அதை எழுத்தில் பதிவு செய்தல் அவசியம்.

அடுத்து நேர்வது பெருந்தகராறு. “டீசலில் கலப்படம் அல்லது நீர் இருந்தது, அதனால் கெட்ட இன்ஜெக்டருக்கு உத்தரவாதம் செல்லாது” என்பதே பணிமனையில் அடிக்கடி கிடைக்கும் விடை. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கும். உண்மையா அன்றா என்று காட்ட வண்டிக்காரரிடம் ஏதேனும் சான்று உண்டா என்பதே வினா. ஒரே பங்க்கில் டீசல் பிடித்து ரசீது வைத்திருப்பவருக்கு அச்சான்று உண்டு. பங்க்கில் டீசலின் அடர்த்தியைச் சோதித்துக் காட்டுமாறு கேட்கவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. 15 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்ட அடர்த்தி, பதிவேட்டிலுள்ள அளவுக்கு 3 புள்ளிக்கு மேல் வேறுபட்டால் அது ஐயத்துக்குரியது. டீசல் பில்டரில் சேரும் நீரைக் குறித்த காலத்தில் வடித்ததற்கும், பில்டரை உரிய கிலோமீட்டரில் மாற்றியதற்கும் பில் இருத்தல் வேண்டும். “நீர் இருந்தது” என்று பணிமனை கூறினால், எந்தச் சோதனையால் அறிந்தனர், எவ்வளவு நீர் கண்டனர் என்பதை ஜாப் கார்டில் எழுதித் தருமாறு பணிவுடன் கேட்க வேண்டும். வாய்ச்சொல்லை ஆணையத்தின்முன் வைக்க இயலாது.

யார் நுகர்வோர்?

2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருள் வாங்கியவரை நுகர்வோர் என்று ஏற்பதில்லை. லோடு வண்டி வணிகத்துக்குத்தானே என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்துவதற்கென்றே வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கில் சேராது என்று அதே சட்டம் விளக்கம் தருகிறது.

இவ்விளக்கத்தின் பொருளை உச்ச நீதிமன்றம் 1995-இல் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் தெளிவாக்கிற்று. அவ்வழக்கின் எதிர்த்தரப்பு நம் கோவையிலுள்ள பி.எஸ்.ஜி. தொழில் நிலையம். தாமே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ ரிக்ஷாவோ லாரியோ வாங்குபவர் நுகர்வோர் ஆவார். தாமே இயக்க லேத் இயந்திரம் வாங்குபவரும் அவ்வாறே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அத்தகுதி போகாது. முழுவதும் பிறரே இயக்குவதற்கென வாங்குபவர் நுகர்வோர் ஆகார் என்று நீதிமன்றம் கூறியது. வழக்குத் தொடுத்த நிறுவனம் இந்த அளவுகோலில் தேறவில்லை. செங்கல் இயந்திரம் பற்றிய சீமா எஞ்சினியரிங் வழக்கில், 1996-இல், குடும்பத்தினர் சேர்ந்து உழைப்பதும் சுயதொழிலில் அடங்கும் என்று அந்நீதிமன்றமே சொல்லிற்று. தாய் பெயரில் வாங்கி மகன் ஓட்டும் வண்டிக்கு இது பெரிய துணையாகும். தறி இயந்திரமோ உழவு இயந்திரமோ வாங்கும் அங்கத்தினர்களுக்கும் இதே அளவுகோல்தான்.

சங்கத்தின் பெயரில் வாங்கும் வண்டியின் நிலை வேறு. சட்டத்தில் ‘நபர்’ என்ற சொல் கூட்டுறவுச் சங்கத்தையும் உள்ளடக்கும். எனினும் சங்கம் சுயதொழில் செய்து பிழைக்கும் தனிமனிதர் அன்று; வண்டியால் இலாபம் ஈட்டுவதே முதன்மை நோக்கமா என்று ஆணையம் ஆராயும். அப்படித் தள்ளப்பட்டால் உரிமையியல் நீதிமன்றத்தில் 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தையே நாட வேண்டும். ஒரு குறிப்பிட்ட காரியத்துக்குப் பொருள் ஏற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை அச்சட்டம் தருகிறது. ஆனால் வணிகப் பெயரைச் சொல்லி வாங்கும் பொருளுக்கு அதனை விலக்கிவிடுகிறது. ஆதலால் காரியதரிசிகள் கொள்முதல் ஆணையிலேயே, வண்டி எங்கு ஓடும், எதை ஏற்றும், பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்து தர வேண்டும் என்பவற்றை நிபந்தனைகளாக எழுதி விற்பனையாளரின் கையொப்பம் பெறுதல் வேண்டும்.

எதைக் கேட்கலாம்?

புது வண்டியையே கேட்பேன் என்று பிடிவாதம் கொள்வோர் பலர். மாருதி உத்யோக் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம், பழுதான பாகத்தை மாற்றித் தருவதாகவே உத்தரவாதம் சொல்லுமிடத்து, முழு வண்டியையும் மாற்றித் தருமாறு இட்ட உத்தரவை நீக்கிவிட்டது. ஆகவே இன்ஜெக்டர், அதை மாட்டும் கூலி, வண்டி நின்ற நாட்களுக்கான நஷ்ட ஈடு ஆகியவற்றைக் கணக்குடன் கேட்பதே அறிவுடைமை. வாடகைக்கு எடுத்த மாற்று வண்டியின் ரசீதும், வீணான ஐஸ் பில்லும் அக்கணக்கின் அங்கங்கள்.

வெளியே பில்டர் மாற்றியதற்காகவே உத்தரவாதம் முழுதும் போயிற்று என்று சொன்னால் உடனே ஒப்புக்கொள்ள வேண்டுவதில்லை. 14 கார் நிறுவனங்கள்மீது இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் பிறப்பித்த உத்தரவில், வெளி மெக்கானிக்கிடம் சென்ற ஒரே காரணத்தால் உத்தரவாதத்தை முழுவதும் ரத்து செய்யும் நிபந்தனை கூடாதென்றும், வெளியே நடந்த தவறான வேலையால் விளைந்த சேதத்தின் அளவுக்கே மறுக்கலாமென்றும் கூறியது. நிறுவனங்கள் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தன. ஆயினும், விளைந்த சேதத்துக்கும் வெளியே நடந்த வேலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பது எந்த வண்டிக்காரருக்கும் பொருந்தும் நியாயமான கேள்வியே.

ஆணையத்தில் மனுச் செய்யக் காலவரம்பு 2 ஆண்டு. மனுதாரர் வசிக்குமிடத்து அல்லது தொழில் புரியுமிடத்து மாவட்ட ஆணையத்திலேயே மனுக் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருப்பின் கட்டணமில்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். குறையைக் கண்ணால் கண்டு தீர்மானிக்க இயலாதாயின், ஆணையம் பொருளைத் தகுந்த சோதனைச் சாலைக்கு அனுப்பலாம். சோதனை வேண்டாத மனுவை 3 மாதத்திலும், வேண்டிய மனுவை 5 மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். மனுவுக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவதும் பயன் தரும்.

பலர் சேர்ந்தால்

அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் ‘டூராமாக்ஸ்’ டீசல் பிக்கப் வண்டிகளில், 2001 முதல் 2004 வரை வந்தவற்றில், இன்ஜெக்டர்கள் மிகுதியாகப் பழுதாயின. முடிவில் அந்நிறுவனம் இன்ஜெக்டருக்கு மட்டும் உத்தரவாதத்தை 7 ஆண்டு அல்லது 2 லட்சம் மைல் வரை நீட்டித்தது. ஒரே பழுது பல வண்டிகளில் காணப்படுகையில், ஓட்டியவர்மீது மட்டும் பழி சுமத்துதல் எளிதன்று.

நம் சங்கங்கள் இதற்கு ஒரு குறிப்பேடு வைத்தாலே போதும். அங்கத்தினரின் வண்டி வகை, வாங்கிய நாள், பழுதான நாள், ஓடிய கிலோமீட்டர், கழற்றிய இன்ஜெக்டரின் மேலுள்ள எண், பணிமனை தந்த விடை ஆகிய ஆறு விவரங்களை அதில் எழுதி வரலாம். மாற்றிய பாகத்தைக் கம்பெனியே எடுத்துக்கொள்வது வழக்கமாதலால், அதன் எண்ணைப் படமெடுத்து வைத்தல் மிகவும் முக்கியம். புதிய இன்ஜெக்டரின் குறியீட்டு எண் எஞ்சின் கணினியில் பதியப்பட்டதா என்பதையும் கேட்டறிந்து குறிக்க வேண்டும்.

வண்டி நின்றபின் ஓடித் தேடும் தாள்களைவிட, அது நன்றாக ஓடும் நாட்களில் சேர்த்து வைத்த தாள்களே வழக்கில் துணை நிற்கும். ரசீதுகளுக்கென ஒரு கோப்பு வாங்க ஆகும் செலவு மிகச் சொற்பம். வண்டி வைத்துள்ள அங்கத்தினர் ஒவ்வொருவரும் இத்திங்களே அதைத் தொடங்குவார்களாக. சங்கக் காரியதரிசிகள் அடுத்த நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே குறிப்பேட்டுக்கு ஏற்பாடு செய்வார்களாக.