வடிந்த பின்னும் வடியாத நீர்

வெள்ளம் வடிந்தால் துன்பமும் வடிந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். 2022 செப்டம்பர் 5ஆம் நாள் வரை நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

முதல்நாள் இரவு பெய்த பெருமழையில் பெல்லந்தூர்ப் பகுதித் தெருக்கள் ஆறாயின. ஏரிக்கு ஏரி நீர் கடத்தும் இராசகால்வாய்கள் தூர்ந்தும் ஒடுங்கியும் கிடந்தால் நீர் எங்கே போகும்? பெல்லந்தூரைக் கடந்தால் வர்த்தூர், அதன்பின் தென்பெண்ணை. கடலூர் செல்ல வேண்டிய தண்ணீர் எங்கள் வாடகை வீட்டில் இரண்டு நாள் விருந்துண்டு போயிற்று! மாண்டியா மாவட்டத்து நீரேற்று நிலையமும் மூழ்கியதால் காவிரிக் குடிநீரும் தடைப்பட்டது.

அறையில் நின்ற நீர் ஓரடிதான். சுவரிலோ ஈரம் மூன்றடி ஏறியிருந்தது. செங்கல்லும் பூச்சும் நுண்துளைகள் நிறைந்தவை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அவற்றில் நீர் ஏறும். துளை குறுகக் குறுக ஏற்றம் மிகும். ஏறிய நீர் வெளியேற வழி ஒன்றே: சுவரின் மேற்பரப்பில் ஆவியாதல். வீட்டுக்காரர் பதினைந்தாம் நாளே பெயிண்ட் அடித்து அவ்வழியை அடைத்தார். நானும் அழகாயிருக்கிறதென்று மகிழ்ந்தேன்! நீரில் கரைந்திருந்த உப்பு பெயிண்டின் பின்னே படிகமாகிப் பருத்து, அதைக் கொப்புளமாகத் தள்ளி உதிர்த்தது. பீரோவுக்குப் பின்னால் கரும்பூசணம். அதன் வித்துகள் காற்றில் என்றும் உள்ளவை. ஓரிரு நாள் ஈரம் கிடைத்தால் முளைத்துவிடும். மூச்சிளைப்புள்ள என் தாயார் அக்குளிர்காலத்தில் பல இரவுகள் உட்கார்ந்தே கழித்தார். வேதியியல் படிக்கும் மகன் அருகிலிருந்து என்ன பயன்?

ஆகவே, வெள்ளம் புகுந்த வீட்டில் மின்பணியாளர் பார்க்குமுன் சுவிட்சைத் தொடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் தூவுமுன் சேற்றை முற்றும் கழுவுங்கள். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினைச் சேறே தின்றுவிடும். கழிப்பறை ஆசிட்டை அதனோடு சேர்த்தால் நச்சு வாயு எழும், ஒருபோதும் கூடாது. பஞ்சு மெத்தையைக் காயவைத்துக் காப்பாற்ற முயலாதீர்கள். பீரோவைச் சுவரைவிட்டு ஒரு சாண் தள்ளி வையுங்கள், சன்னல்கள் திறந்திருக்கட்டும்.

சுவர் காய்ந்ததை அறிவது எப்படி? கை வைத்துப் பார்ப்பது ஏமாற்றும். ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளின் நான்கு விளிம்புகளையும் சுவரில் ஒட்டி ஓரிரவு விடுங்கள். காலையில் உட்புறம் வியர்த்திருந்தால் பெயிண்ட்காரரைத் திருப்பி அனுப்புங்கள். பெயிண்டைச் சுரண்டி எடுத்த பிறகு, எங்கள் சுவரில் அந்தத் தாள் வியர்க்காமல் இருந்தது மார்ச் மாதத்தில்தான்.