இசைவும் மொழியும்: மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023 – தமிழ் அறிவிப்புகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இந்திய நாடாளுமன்றம் 2023இல் இயற்றிய மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவரது தரவைக் கையாள்வதற்கு அவரது இசைவை முதன்மையான அடிப்படையாகக் கொள்கிறது. இசைவு கோரும் அறிவிப்பை அரசமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் படிக்கும் வாய்ப்பை அளிக்க வேண்டும் என்றும் அது விதிக்கிறது. எனவே அறிவிப்பின் தமிழ், நடை சார்ந்த ஒன்றாக மட்டும் நின்றுவிடாமல், இசைவின் செல்லுபடியையே தீர்மானிக்கும் கூறாகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தனியுரிமை, தரவுப் பாதுகாப்பு, இசைவு, அறிவிப்பு, சட்டத்தமிழ், கலைச்சொல்

முன்னுரை

கைப்பேசிச் செயலி ஒன்றை நிறுவும்போது நீண்ட அறிவிப்பு ஒன்று திரையில் தோன்றுகிறது. அதன் அடியில் உள்ள பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் திறக்கும். பெரும்பாலோர் அவ்வறிவிப்பைப் படிப்பதில்லை. படிக்க முயல்வோருக்கும் அதன் மொழி எளிதில் பிடிபடுவதில்லை. ஆயினும் அந்த அழுத்தத்தையே சட்டம் இசைவு எனக் கொள்ளுமாயின், படித்தவர் புரிந்துகொண்டது என்ன என்னும் வினா எழுகிறது. இவ்வினா சட்டத்துறைக்கு உரியதாயினும் அதற்கான விடையின் ஒரு பகுதி மொழித்துறையிடம் உள்ளது.

சட்டத்தின் பின்புலம்

கே. எஸ். புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அடங்கிய அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தது. தனியுரிமை, அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் உயிர் வாழ்வு, தனிமனித விடுதலை ஆகியவற்றின் உள்ளடங்கிய பகுதி என அவ்வமர்வு ஒருமனதாக அறிவித்தது. அதே ஆண்டில் நீதிபதி பி. என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையில் அமைந்த குழு 2018இல் அறிக்கையும் வரைவும் அளித்தது. 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட சட்டமுன்வடிவு 2022 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டது. புதிய முன்வடிவு 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் நிறைவேறி, ஆகஸ்ட் 11 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. அறிவிப்பு, இசைவு ஆகியன பற்றிய பிரிவுகள், விதிகள் வெளியான நாளிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வருமாறு காலம் வகுக்கப்பட்டுள்ளது. தமிழ் அறிவிப்புகளைச் செம்மையாக ஆயத்தப்படுத்த இவ்விடைவெளி உரிய காலமாகும்.

அறிவிப்பும் இசைவும்

சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, எந்தத் தரவு, எந்த நோக்கத்திற்காகக் கையாளப்படும், உரிமைகளை எவ்வாறு பயன்படுத்தலாம், தரவுப் பாதுகாப்பு வாரியத்திடம் எவ்வாறு முறையிடலாம் ஆகியவற்றை அறிவிப்பு தெரிவிக்க வேண்டும். 6ஆம் பிரிவின்படி, இசைவு கட்டற்றதாகவும், குறிப்பிட்ட நோக்கம் பற்றியதாகவும், தெரிந்து அளித்ததாகவும், நிபந்தனையற்றதாகவும், ஐயத்திற்கு இடமற்றதாகவும் இருத்தல் வேண்டும்.

சட்டமே ஓர் எடுத்துக்காட்டும் தருகிறது. தொலைமருத்துவச் செயலி ஒன்று, மருத்துவச் சேவைக்கான தரவோடு கைப்பேசியில் உள்ள தொடர்புப் பட்டியலையும் கேட்கிறது; பயனர் இரண்டிற்கும் இசைகிறார். தொடர்புப் பட்டியல் மருத்துவச் சேவைக்குத் தேவையற்றது. ஆதலால் மருத்துவச் சேவைக்குரிய தரவளவிலேயே அவ்விசைவு நிற்கும்.

இசைவு பற்றி வழக்கு எழுமாயின், முறையான அறிவிப்பு அளித்து முறையான இசைவைப் பெற்றதை மெய்ப்பிக்கும் சுமை தரவைக் கையாளும் நிறுவனத்தையே சாரும். அறிவிப்புக்கும் இசைவுக் கோரிக்கைக்கும் ஆங்கிலம் அல்லது எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்யும் வாய்ப்பு உண்டு. தமிழைத் தெரிவு செய்தவர் படித்தது தமிழ் அறிவிப்பையே. ஆகவே, அவர் தெரிந்துதான் இசைந்தாரா என்பதை அத்தமிழ்ப் பனுவலைக் கொண்டே ஆராய வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

கலைச்சொற்களின் பொறுப்பு

தரவு யாரைப் பற்றியதோ அவரை ஆங்கிலச் சட்டம் ‘டேட்டா பிரின்சிபல்’ என்கிறது. இதனைத் ‘தரவு முதல்வர்’ என நேராகப் பெயர்த்தால், கல்லூரி முதல்வரோ மாநில முதல்வரோதான் படிப்பவர் நினைவுக்கு வருவர். ‘தரவுக்குரியவர்’ என்பது பொருளை நேரே உணர்த்தும்.

தரவைக் கையாளும் நோக்கத்தையும் வழியையும் தீர்மானிப்பவரைச் சட்டம் ‘டேட்டா ஃபிடூஷியரி’ என்கிறது. பிறர் நம்பி ஒப்படைத்ததை அவர் நலனுக்காகப் பேணும் கடமையுடையவர் என்பது அச்சொல்லின் சட்டப்பொருள். ‘தரவு நிறுவனம்’ எனப் பெயர்த்தால் அக்கடமை மறைந்துவிடும். தனக்கு உரிமையில்லாத உடைமையைப் பேணும் பொறுப்பை ‘அறங்காவலர்’ என்னும் சொல் தமிழர்க்கு முன்பே உணர்த்தியுள்ளது. அப்பொருட்சாயலைக் காக்கும் ‘தரவு நம்பிக்கைப் பொறுப்பாளர்’ போன்ற ஆக்கம் பொருந்தும்.

‘ஒப்புதல்’ என்னும் சொல் அரசின் அனுமதியையும், ‘ஒப்புதல் வாக்குமூலம்’ என்பதில் குற்றத்தை ஏற்பதையும் குறிக்கும். ‘இசைவு’ இம்மயக்கத்தைத் தவிர்க்கிறது. எனினும் பேச்சுவழக்கில் மக்கள் அறிந்த சொல் ‘சம்மதம்’ என்பதே. ஆதலால் இரு நிலைகளைப் பிரித்தல் நன்று: சட்டப் பனுவலில் ஒரு கருத்துக்கு ஒரே சொல்லாக ‘இசைவு’ நிற்கலாம், பொதுமக்களுக்கான அறிவிப்பில் ‘சம்மதம்’ வரலாம்.

அறிவிப்பின் தொடரமைப்பு

சொல் சரியாக இருந்தும் தொடர் பொருளை மறைக்கக்கூடும். விளக்கத்திற்காக அமைத்த தொடர் ஒன்று வருமாறு:

“மேம்பட்ட சேவையினை வழங்கும் பொருட்டுத் தங்களது தரவுகள் மூன்றாம் தரப்பினருடன் பகிரப்படக்கூடும்.”

இத்தொடரில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் செயப்பாட்டுவினை, பகிர்பவர் யார் என்பதை மறைக்கிறது. ‘கூடும்’ என்னும் துணைவினை, உறுதியாக நிகழ்வதையும் ஐயத்திற்குரியது போலக் காட்டுகிறது. ‘தரவுகள்’ எவை, ‘மூன்றாம் தரப்பினர்’ யாவர் என்பன கூறப்படவில்லை. நன்னூல் தொகுத்துரைக்கும் பத்துக் குற்றங்களுள் குன்றக் கூறலும் மயங்க வைத்தலும் இங்கு ஒருங்கே அமைந்துள்ளன. பல பக்கங்களுக்கு நீளும் அறிவிப்புகளில் மிகைபடக் கூறலும் சேர்கிறது.

இதற்கு மாறாகப் பின்வருமாறு எழுதலாம்:

“மருத்துவர் உங்களை அழைப்பதற்காக உங்கள் செல்போன் எண்ணை நாங்கள் பெறுகிறோம். வேறு எவருக்கும் அதைத் தரமாட்டோம். உங்கள் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் இதே பக்கத்தில் திரும்பப் பெறலாம்.”

செய்பவர், செயப்படுபொருள், நோக்கம் ஆகிய மூன்றும் இங்கு வெளிப்படுகின்றன. இசைவை அளிப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்னும் சட்டத்தேவையும் பேணப்படுகிறது. அறிவிப்பு பிற தகவல்களைச் சாராமல் தனித்துப் புரியத்தக்கதாக, தெளிவான எளிய நடையில் அமைய வேண்டும் என 2025ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன.

இசைவின் எல்லைகள்

நல்ல அறிவிப்பு ஒன்றினாலேயே தனியுரிமை முழுமையாகக் காக்கப்படும் எனக் கருதுதல் கூடாது. அரசின் மானியம், நலத்திட்டம், மருத்துவ நெருக்கடி முதலிய சூழல்களில் இசைவின்றியே தரவைக் கையாள 7ஆம் பிரிவு இடமளிக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக ஒன்றிய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு 17ஆம் பிரிவு விலக்களிக்கிறது. ஒருவர் தாமே பொதுவெளியில் வைத்த தனிநபர் தரவுக்குச் சட்டம் பொருந்தாது. செயற்கை நுண்ணறிவு மாதிரிகளுக்கான தரவுத் திரட்டல் பற்றிய விவாதத்தில் இவ்விலக்கு முதன்மை பெறுகிறது. இவ்விடங்களில் மொழித்தெளிவு மட்டும் போதாது. விலக்குகளின் அளவையே ஆராய வேண்டும். இசைவு தேவைப்படும் இடங்களிலேனும் அது மெய்யான இசைவாக இருத்தல் வேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படுகிறது.

முடிவுரை

ஒன்றியச் சட்டங்களின் வட்டார மொழிபெயர்ப்புகளுக்கு அதிகாரபூர்வப் பனுவல் என்னும் தகுதியை அளிக்க 1973ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்துள்ளது. ஆனால் அறிவிப்புகளை எழுதுவோர் நிறுவனங்களே. அவற்றின் தமிழைச் சீர்தூக்கும் பணி தமிழ்த்துறைகளுக்கும் உரியது. நாள்தோறும் பயன்படும் செயலிகளின் தமிழ் அறிவிப்புகளைத் திரட்டி, அவற்றின் கலைச்சொல்லையும் தொடரமைப்பையும் ஆராய்ந்து, பயனர்கள் அவற்றை எவ்வாறு பொருள் கொள்கின்றனர் என்பதைக் களத்தில் கண்டறிதல் முனைவர் பட்ட ஆய்வுக்கும் உரிய பொருளாகும். தெரிந்து அளித்த இசைவா என்பதை நீதி மன்றங்கள் ஆராயும் நாளில், அவ்வாய்வுகள் சான்றாகப் பயன்படும்.